கொட்டையை எறியுமுன்...



ஆனி, ஆடி மாதங்களில் நம் இல்லங்களுக்குள் எத்தனை வகைக் கனிகள் வந்து சேர்கின்றன என்று சற்று எண்ணிப் பாருங்கள். மாம்பழப் பருவம் முடியும் தறுவாயில் நீலம் வருகிறது. பலாச்சுளை வருகிறது. குற்றாலத்தில் சாரல் தொடங்கிவிட்டால் மங்குஸ்தானும் ரம்புட்டானும் சாலையோரக் கூடைகளில் குவிகின்றன. நோன்புக் காலமாயின் பேரீச்சை இல்லாத வீடே இல்லை. இவற்றையெல்லாம் உண்டு முடித்தபின் எஞ்சும் கொட்டைகளை என்ன செய்கிறோம்? கூட்டி அள்ளிக் குப்பையில் சேர்த்துவிடுகிறோம். காசு கொடுத்து வாங்கிய கனியில் பாதியளவு எடை சில வேளைகளில் அந்தக் குப்பைக்குத்தான் போகிறது.

அவற்றுள் சிலவற்றை மண்ணில் இடலாம் என்பதற்காகவே இக்கட்டுரையை எழுதுகிறேன். நான் வேளாண்மை படித்தவள் அல்லள். செங்கோட்டைக்கு அருகே, மேற்குத் தொடர்ச்சி மலையின் சாரல் எட்டும் ஓர் ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்து, புறவாசலில் முப்பது ஆண்டுகளாகச் செடி கொடிகளோடு பழகியவள். மரம் நடுவது தருமம் என்று சிறுவயது முதல் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். ஆனால் எந்தக் கொட்டையை எப்போது, எப்படி நடுவது என்பதை நமக்கு யாரும் உட்கார்ந்து சொல்லித் தருவதில்லை. அதைத்தான் இங்கே சொல்ல முயல்கிறேன்.

விதையின் ஆயுள்

எல்லா விதையும் ஒன்றுபோல் அல்ல. இதை முதலில் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். கத்தரி, வெண்டை, கீரை ஆகியவற்றின் விதைகளை நன்கு உலர்த்தி, சாம்பல் கலந்து, டப்பாவில் அடைத்து அடுத்த பட்டத்திற்கு வைத்துக்கொள்கிறோம் அல்லவா? அவ்வாறு உலர்த்தினால் நெடுநாள் உயிரோடிருப்பவை ஒருவகை. உலர்ந்தால் செத்துவிடுபவை மற்றொரு வகை. ராபர்ட்ஸ் என்ற ஆங்கிலேய அறிஞர் 1973-ஆம் ஆண்டில் விதைகளை இவ்வாறு இரு பெரும் பிரிவுகளாக வகுத்துப் பெயரிட்டார். இன்றும் விதை ஆய்வாளர்கள் அந்தப் பாகுபாட்டையே பின்பற்றுகின்றனர்.

முதல் வகைக்குப் பேரீச்சையைவிடச் சிறந்த சான்று கிடையாது. சாக்கடலோரம் மஸாதா என்னும் மலைக்கோட்டையில் 1960-களில் நடந்த அகழ்வாய்வில் சில பேரீச்சங்கொட்டைகள் கிடைத்தன. ஏறத்தாழ 2000 ஆண்டுகளுக்கு முற்பட்டவை என ஆய்வில் அறியப்பட்ட அவற்றுள் ஒன்றை 2005-ஆம் ஆண்டில் மண்ணிலிட்டபோது அது முளைத்துவிட்டது! வறண்ட பாலைக் காற்று அந்த விதையை அத்தனை நூற்றாண்டுகள் காத்து வைத்திருந்தது. வளர்ந்து பூத்தபின் பார்த்தால் அது ஆண் மரம். அது வேறு கதை.

இரண்டாம் வகைக்கு மங்குஸ்தானைச் சொல்லலாம். கனியிலிருந்து பிரித்த விதையைச் சில நாள் வெளியில் வைத்தால் போதும், அதன் உயிர் போய்விடும். ரம்புட்டான் விதைக்கும் ஒரு வாரத்திற்குமேல் ஆயுள் இல்லை. பலாக்கொட்டை, மாங்கொட்டை இவையும் சில வாரங்களுக்குமேல் தாங்கா. ஈரம் மிகுந்த மழைக்காடுகளில் பிறந்த மரங்கள் இவை. கனி விழுந்த இடத்திலேயே மண் நனைந்திருக்கும், மழை பெய்துகொண்டிருக்கும். ஆதலால் அவ்விதைகளுக்கு உறங்கிக் காத்திருக்கும் பழக்கம் ஏற்படவில்லை. விழுந்தவுடன் முளைப்பதே அவற்றின் இயல்பு.

‘விதையை வெயிலில் நன்றாகக் காயவைத்துத்தான் போட்டேன், முளைக்கவில்லையே’ என்று பல சகோதரிகள் குறைப்பட்டுக்கொள்வதன் காரணம் இதுதான். காய வைத்ததே அதன் முடிவாகிவிட்டது. குளிர்சாதனப் பெட்டியில் வைப்பதும் அவ்வாறே. வெப்பநாட்டு விதைகள் குளிரைத் தாங்கமாட்டா. இன்று உண்டால் இன்றோ நாளையோ மண்ணுக்குள் போய்விட வேண்டும்.

பிள்ளை தாயைப் போல் இருக்குமா?

அடுத்து எழும் கேள்வி இது. நீலத்தின் கொட்டையை நட்டால் நீலம் காய்க்குமா? பெரும்பாலும் காய்க்காது. நீலம், பங்கனப்பள்ளி, அல்போன்சா, கிளிமூக்கு போன்ற நம் நாட்டு மாங்கனிகளின் விதையில் ஒரே ஒரு கருதான் உண்டு. வேறொரு மரத்தின் மகரந்தத்தால் கருவுற்றது அது. எனவே தாயையும் தந்தையையும் கலந்து புதிதாய் ஒன்றாக வளரும். இனிக்கலாம், புளிக்கலாம், நார் மிகுந்தும் போகலாம். நீலத்தையும் வடநாட்டுத் தசேரியையும் அறிந்தே இணைத்து டெல்லி வேளாண் ஆராய்ச்சி நிலையத்தார் உருவாக்கிய ‘மல்லிகா’வும் இவ்வாறு ஒரு விதையில் பிறந்ததுதான். ஆனால் அத்தகைய நற்பேறு நம் கொல்லையில் நிகழும் என்று எதிர்பார்ப்பதற்கில்லை.

மேலைக் கடற்கரையில் விளையும் ஒலூர், சந்திரக்காரன் போன்ற மாவகைகளோ வேறு விதம். அவற்றின் ஒரே கொட்டையிலிருந்து மூன்று நான்கு முளைகள் கிளம்பும். அவற்றுள் வலிய முளைகள் பெரும்பாலும் தாயின் திசுவிலிருந்தே தோன்றியவை. ஆதலால் தாயைப் போலவே காய்க்கும். நம் எலுமிச்சையும் இந்த இனத்தைச் சேர்ந்ததே. எங்கள் பக்கத்துப் புளியங்குடி எலுமிச்சைச் சந்தைக்குப் பெயர் பெற்ற ஊர். எலுமிச்சையை விதைக் கன்றாகவே வளர்த்து நடுவது தமிழகத்தில் நெடுங்கால வழக்கம். நான்கைந்து ஆண்டுகளில் காய்ப்புக்கு வரும்.

பப்பாளியிலும் ரம்புட்டானிலும் வேறொரு சிக்கல் உண்டு. விதைக் கன்றுகளில் ஏறத்தாழப் பாதி ஆணாகிவிடும். ஆண் மரம் பூக்கும், காய்க்காது. பப்பாளியாயின் நான்கைந்து மாதங்களிலேயே பூ வந்து தெரிந்துவிடும். தண்டை ஒட்டிப் பூப்பது பெண், நீண்ட காம்பில் கொத்தாய்த் தொங்குவது ஆண். வேண்டாததைப் பிடுங்கிவிடலாம். ரம்புட்டானில் இதை அறிய ஐந்தாறு ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். ஆகவே ரம்புட்டான் வேண்டுவோர் ஒட்டுக் கன்று வாங்குவதே நன்று.

மங்குஸ்தான் இவை அனைத்திலிருந்தும் மாறுபட்டது. அதன் விதை மகரந்தச் சேர்க்கையே இன்றித் தாய்மரத்தின் திசுவிலிருந்து உருவாகிறது. ஆண் பெண் என்ற பேச்சுக்கே அங்கே இடமில்லை. எனவே விதைக் கன்று ஒவ்வொன்றும் தாயின் அச்சு அசலான வடிவமாக வளர்கிறது. இந்த ஒரு செய்தி எங்கள் குடும்பத்தில் எத்தனை ஆறுதலைத் தந்தது என்பதை இனிச் சொல்கிறேன்.

மாமி வைத்த மரம்

என் கணவரின் தாயார், எங்கள் மாமி, 2003-ஆம் ஆண்டு குற்றாலத்துச் சாரல் நாளில் மங்குஸ்தான் ஒரு டஜன் வாங்கி வந்தார். கனியின் அடியில் பூவிதழ் போன்ற அடையாளம் ஒன்றிருக்கும். அதில் எத்தனை இதழோ உள்ளே அத்தனை சுளை. பேரப்பிள்ளைகளிடம் எண்ணிச் சொல்லச் சொல்லி, பிறகு பிளந்து காட்டி மகிழ்வார். அன்று பெரிய சுளைகளில் கிடைத்த பருத்த விதைகள் ஒன்பதைச் சதை போகக் கழுவி, அன்று மாலையே சிரட்டைகளில் மண் நிரப்பி நட்டார். அப்போது அவருக்கு வயது அறுபத்தைந்து.

“இது காய்க்கப் பத்து வருஷம் ஆகுமாமே மாமி” என்றேன்.

“ஆகட்டுமே. பத்து வருஷம் எப்படியும் போகத்தானே போகுது” என்றார்.

ஆறு விதைகள் முளைத்தன. மங்குஸ்தான் வளர்வதைப் பார்ப்பது பொறுமைக்கு ஒரு பயிற்சி. இரண்டு ஆண்டுகள் கழிந்தும் ஒரு சாண் உயரத்தைச் சற்றே தாண்டியிருந்தது. தென்னங்கீற்றால் நிழல் கட்டி, கோடையில் காலையும் மாலையும் நீர் தெளித்தார் மாமி. ஒன்று பட்டுப்போயிற்று. ஒன்றை எங்கள் புறவாசலில் கிணற்றடிக்கு அருகே நட்டார். அண்டை வீட்டுக்கு ஒன்று, தென்காசியிலுள்ள அவர் தங்கைக்கு ஒன்று, பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுத்த உஸ்தாத் வீட்டுக்கு ஒன்று, புனலூரில் வாழ்க்கைப்பட்டிருக்கும் மகளுக்கு ஒன்று என மற்ற நான்கையும் கொடுத்துவிட்டார்.

2011-ஆம் ஆண்டில் வீட்டைப் பாகம் பிரித்தார்கள். புறவாசல் என் கணவரின் தம்பிக்கு வந்தது. பன்னிரண்டு ஆண்டுகள் சவூதியில் உழைத்துச் சேர்த்த பணத்தில் அவர் வீடு கட்ட நினைத்தார். அதில் குறைசொல்ல என்ன இருக்கிறது? ஆனால் வரைபடத்தில் அடுக்களை வரவேண்டிய இடத்தில் மாமியின் மரம் நின்றது. எட்டு ஆண்டுகளில் ஆள் உயரத்தைச் சற்றே கடந்திருந்தது, இன்னும் பூக்கவில்லை.

பெயர்த்து வேறிடத்தில் நடலாமா என்று நாற்றங்கால் வைத்திருக்கும் ஒருவரை அழைத்துக் கேட்டோம். ஆகாது என்றார். மங்குஸ்தானுக்கு நீண்ட ஆணிவேர் ஒன்றே ஆதாரம், பக்கவேர்கள் குறைவு. ஆணிவேர் அறுந்தால் மரம் பிழைப்பது அரிது. அடுக்களையைத் தள்ளிக் கட்டலாமே என்றார் என் கணவர். தள்ளினால் ஓர் அறையே குறைந்துவிடும் என்றார் தம்பி. உம்மா வைத்த மரம் என்று ஒருவரும், உம்மாவுக்கும் சேர்த்துத்தானே வீடு கட்டுகிறேன் என்று மற்றவரும் பேச, பேச்சு தடித்தது. ஒரே முற்றத்தில் நடமாடும் அண்ணனும் தம்பியும் பதினைந்து நாள் ஸலாம் சொல்லிக்கொள்வதோடு நிறுத்திக்கொண்டார்கள். அந்நாள்களில் அவ்வீட்டில் சோறு இறங்கவில்லை என்றால் அது மிகையன்று.

மாமி யார் பக்கமும் பேசவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை பிற்பகல் இரு மகன்களையும் அழைத்து எதிரே உட்கார வைத்தார். “மரம் நான் வச்சது. வெட்டச் சொல்றதும் நான்தான். நீங்க ரெண்டு பேரும் பேசாம இருக்கிறதுக்கு அது நிக்கணும்னா, அந்த நிழல் எனக்கு வேண்டாம்” என்றார். மறுநாள் மரம் வெட்டப்பட்டது. வெட்டும்போது மாமி உள்ளேதான் இருந்தார். தம்பி அடுக்களைச் சன்னலை அந்த இடத்திலேயே வைத்தார். அதற்கு வெளியே ஒரு முழ அகலம் மண்ணை மட்டும் சிமெண்டு பூசாமல் விட்டுவைத்தார். ஏன் என்று யாரும் கேட்கவில்லை.

அண்டை வீட்டுக் கன்றும் தென்காசிக் கன்றும் உஸ்தாத் வீட்டுக் கன்றும் அதற்கு முன்பே கோடை வறட்சியில் காய்ந்துவிட்டிருந்தன. புனலூர்க் கன்று மட்டும் கேரளத்து ஈரக்காற்றில் செழித்து நின்றது. 2014-ஆம் ஆண்டு நோன்பு ஜூலையில் வந்தது. அந்த நோன்பில் நாத்தனார் ஒரு சிறு பையில் ஏழு பழங்களைக் கொடுத்தனுப்பினார். முதல் காய்ப்பு! மஃரிபு பாங்கு சொன்னதும் பேரீச்சையோடு மங்குஸ்தானும் தட்டுகளில் இருந்தது. ஒரு பழத்தைப் பிளந்து, அண்ணன் பாதியும் தம்பி பாதியுமாக எடுத்துக்கொண்டார்கள்.

அன்றிரவு மாமியிடம், இம்மரத்தின் விதை மகரந்தம் இன்றித் தாயிலிருந்தே உருவாவதையும், வெட்டிய மரமும் புனலூர் மரமும் உடன்பிறப்புகள் என்பதைவிட ஒரே மரத்தின் இரு உடல்கள் என்பதே பொருந்தும் என்பதையும் படித்ததைக்கொண்டு விளக்கினேன். சற்று நேரம் யோசித்துவிட்டு, “அப்போ வெட்டினதும் இதுதான், காய்ச்சதும் இதுதான்னு சொல்றியா?” என்று கேட்டார். ஆம் என்றேன். வேறொன்றும் சொல்லவில்லை. கொட்டைகளை ஒரு கிண்ணத்துத் தண்ணீரில் போடச் சொன்னார். மறுநாள் சிரட்டைகளில் மண் நிரப்பப்பட்டது. அடுக்களைச் சன்னலுக்கு வெளியே விட்டுவைத்த அந்த ஒரு முழ மண்ணில் மரம் வளர இடம் போதாது. எனவே முளைத்தவற்றை ஊருக்கு வெளியே உறவினர் தோப்பு ஒன்றில் நட்டோம். மாமி 2018-இல் காலமானார். அந்தத் தோப்பில் இரண்டு மரங்கள் நிற்கின்றன.

வாசகர்களே! கன்று ஒன்று கையில் இருந்தால் வளர்க்கலாம். ஆறு இருந்தால் ஐந்தைப் பிறருக்குக் கொடுத்துவிடலாம். நம் இடம் நம் கையைவிட்டுப் போகலாம், நம் மரம் வெட்டப்படலாம். கொடுத்தது எங்கோ நிற்கும்.

நடும் முறை

இனி செய்முறையைச் சுருக்கமாகக் கூறுகிறேன். மூன்று பங்கு செம்மண்ணுக்கு ஒரு பங்கு மணலும் ஒரு பங்கு நன்கு மக்கிய தொழு உரமும் கலந்துகொள்ளுங்கள். பழைய வாளி, எண்ணெய் டின் எதுவாயினும் ஆகும். அடியில் துளைகள் இருக்க வேண்டும். மா, பலா, மங்குஸ்தான் போன்று ஆணிவேர் இறக்கும் மரங்களுக்குச் சிரட்டை முளைப்பதற்கு மட்டுமே போதும்; முளைத்ததும் ஓரடி ஆழமுள்ள கலத்திற்கு வேர் அறுபடாமல் மாற்றிவிடுங்கள்.

மாங்கொட்டை: மேலோட்டைக் கத்தியால் கவனமாகப் பிளந்து உள்ளிருக்கும் பருப்பை எடுங்கள். வண்டு துளைத்திருந்தால் விட்டுவிடுங்கள். வளைந்து புடைத்த பக்கம் மேலே இருக்குமாறு நட்டு, ஓரங்குல மண் மூடுங்கள். இரண்டு மூன்று வாரத்தில் செந்தளிர் தலை நீட்டும்.

பலாக்கொட்டை: வழுவழுப்புப் போகக் கழுவி உடனே நடுங்கள். முளைக்க ஒரு மாதம் முன்பின் ஆகலாம். இடம் இருப்பின் மரம் நிற்கவேண்டிய இடத்திலேயே நட்டுவிடுவது மேல்.

பப்பாளி: விதையைச் சுற்றியுள்ள பசைபோன்ற சவ்வே முளைப்பைத் தடுப்பது. சாம்பலிட்டுத் தேய்த்து அதை நீக்கி, நிழலில் உலர்த்துங்கள். குழிக்கு மூன்று நான்கு கன்று நட்டு, பூ வந்தபின் பெண்ணை மட்டும் விட்டுவையுங்கள். பத்துப் பதினைந்து பெண் மரங்களுக்கு ஓர் ஆண் மரம் போதும். வேரில் நீர் தேங்கினால் பப்பாளி அழுகிவிடும். கடையில் விற்கும் ‘ரெட் லேடி’ போன்றவை கலப்பினம். அவற்றின் விதை தாயைப் போல் வாராது. நாட்டுப் பப்பாளி விதையைத் தேடி எடுங்கள். ஓராண்டுக்குள் கனி காணலாம். பொறுமை குறைந்த பிள்ளைகளுக்கு ஏற்ற மரம் இதுவே.

சீத்தா: இதன் விதை கடினமானது, உலர்த்தி வைத்தாலும் நாள்பட இருக்கும். ஒரு நாள் ஊறவைத்து நடுங்கள். முளைக்க ஒரு மாதத்திற்குமேல் ஆகலாம். மூன்று நான்கு ஆண்டுகளில் காய்க்கும். சீத்தா விதையை அரைத்துப் பேனுக்குத் தடவும் வழக்கம் சில இடங்களில் உண்டு. அது கண்ணில் பட்டால் பெருந்தீங்கு விளையும். பிள்ளைகள் கையில் அவ்விதையை அரைக்கக் கொடாதீர்கள்.

மாடிவீட்டில் வசிப்போர் எலுமிச்சை, சீத்தா, கொய்யா ஆகியவற்றைப் பெரிய தொட்டியில் வளர்க்கலாம். மாவும் பலாவும் தொட்டியில் முளைக்கும், ஆனால் அங்கேயே நெடுநாள் வாழா. நிலமுள்ள ஒருவருக்குக் கொடுப்பதற்காக வளர்ப்பதாக எண்ணிக்கொள்ளுங்கள்.

ஓர் எச்சரிக்கை

நம்மவர் பலருக்குப் பினாங்கிலும் கோலாலம்பூரிலும் உறவினர் உண்டு. அங்கிருந்து வருவோர் துரியான் கொட்டையும் ரம்புட்டான் கொட்டையும் பெட்டியில் மறைத்துக் கொண்டுவருவதைப் பெருமையாகச் சொல்வதுண்டு. இது கூடாது. 2003-ஆம் ஆண்டின் தாவரத் தனிமைக் காப்பு ஆணைப்படி, இறக்குமதி அனுமதியும் அந்நாட்டு நலச் சான்றும் இன்றி நடுவதற்கான விதையோ கன்றோ இந்தியாவிற்குள் கொண்டுவரக் கூடாது. விதைக்குள் ஒளிந்துவரும் வண்டும் பூஞ்சாணமும் நம் நாட்டுத் தோட்டங்களைப் பாழாக்கிவிடும் என்ற அச்சமே அதன் காரணம். குற்றாலத்திலும் நீலகிரி அடிவாரத்துப் பர்லியாறிலும் இந்தக் கனிகளெல்லாம் விளைந்து கிடைக்கும்போது, கடல் கடந்து கொண்டுவர வேண்டிய தேவைதான் என்ன?

ஒட்டுக் கன்று இருக்க விதை ஏன்?

‘நாற்றங்காலில் ஒட்டுக் கன்று வாங்கினால் மூன்று நான்கு ஆண்டில் காய்க்கிறதே, இத்தனை பாடு எதற்கு?’ என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். நல்ல மாங்கனி விரைவில் வேண்டுமென்றால் ஒட்டு வாங்குங்கள்; நானும் வாங்கியிருக்கிறேன். ஆயினும் ஒன்றை மறவாதீர்கள். அந்த ஒட்டின் அடிப்பாகம் எது? யாரோ ஒருவர் மண்ணில் இட்ட கொட்டையிலிருந்து வளர்ந்த கன்றுதான். சப்போட்டா ஒட்டு பாலை மரத்தின் விதைக் கன்றின்மீது நிற்கிறது. மா ஒட்டு பெயரறியாத ஒரு மாங்கொட்டையின் வேரில் நிற்கிறது. தன் பெயரில் கனி தராமல் பிற மரத்தைத் தாங்கி நிற்கும் அந்த வேர்களும் விதையிலிருந்து வந்தவையே.

மேலும், வீட்டில் விதை நட்டால் பிள்ளைகளுக்கு ஒரு பழக்கம் படியும். தினமும் காலையில் எழுந்ததும் முளைத்திருக்கிறதா என்று போய்ப் பார்ப்பார்கள். முளைக்காத நாள்களும் வரும். அதையும் அவர்கள் பார்க்கட்டும்.

ஆகவே, சகோதரிகளே, இன்றிரவு உணவுக்குப்பின் தட்டில் எஞ்சும் கொட்டைகளைக் குப்பைக்கு அனுப்புமுன் ஒருமுறை பிரித்துப் பாருங்கள். பருத்த இரண்டைக் கழுவி எடுத்து வையுங்கள். நாளைக் காலை மண் வெட்ட மறந்துவிட வேண்டாம். அவற்றுக்கு நாள் அதிகம் இல்லை.